‘டேக் எ ரெயின் செக்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’ என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்?

‘இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தம். நீங்கள் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள், அல்லது சினிமாவுக்குக் கூப்பிடுகிறீர்கள். அவருக்கு வர ஆசைதான், ஆனால் இன்று தோதுப்படவில்லை. அழைப்பையே வேண்டாம் என்று தள்ளிவிடாமல் ‘என் பங்கை எடுத்து வையுங்கள், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்கிறார். அதற்குத்தான் இந்தத் தொடர்.

மழைக்கும் இதற்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. வெயில் கொளுத்தும் நாளிலும் சொல்லலாம்.

பிறகு ‘ரெயின்’ எங்கிருந்து வந்தது?

அமெரிக்க பேஸ்பால் மைதானத்திலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேஸ்பால் அங்கே காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டமாக வளர்ந்துவிட்டது. திறந்த மைதானம், மண் தரை. மழை வந்தால் பந்து நனைந்து எறிபவரின் கையில் வழுக்கும், ஓடுபவரின் கால் சேற்றில் சறுக்கும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தத்தான் வேண்டும். அப்போது டிக்கெட் வாங்கியவர் என்ன செய்வார்? காசைத் திருப்பிக் கேட்பார். அந்த அணியோ அன்றைய வசூலை நம்பித்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட வழிதான் ரெயின் செக். காசு திரும்பாது. அதற்குப் பதில் உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்துக்கு உள்ளே போகலாம். இந்தப் பெயர் 1880-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நாளடைவில் டிக்கெட்டிலேயே அதற்கென்று ஒரு துண்டு ஒதுக்கினார்கள். வாசலில் ஒரு பாதியைக் கிழித்துக்கொண்டு மறுபாதியைக் கொடுப்பார்கள். அந்த மறுபாதியில் ‘ரெயின் செக்’ என்ற தலைப்பும், எத்தனை இன்னிங்ஸுக்குள் ஆட்டம் நின்றால் சீட்டு செல்லும் என்ற பொடி எழுத்து நிபந்தனையும் அச்சாகியிருக்கும்.

அந்த நிபந்தனை சுவாரசியமானது. ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒரு முறை மட்டை பிடிப்பது, உள்ளூர் அணி இரண்டாவதாகப் பிடிக்கும். அதில் 5 முடிந்துவிட்டால் ஆட்டம் முறைப்படி நடந்ததாகக் கணக்கு. உள்ளூர் அணி முன்னணியில் இருந்தால் நான்கரை இன்னிங்ஸே போதும். அதற்குப் பிறகு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றினாலும் சீட்டுக்கு மதிப்பில்லை. ஆட்டம் பாதியில் நின்றதற்காக எல்லாம் தரமாட்டார்கள், ஆட்டம் ‘நடக்கவில்லை’ என்று ஆனால்தான் தருவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பதிலுக்கு உதவும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஏப்னர் பவல் என்ற பெயரை அடிக்கடி சொல்வார்கள். நியூ ஆர்லியன்ஸ் அணியில் ஆட்டக்காரராகவும் நிர்வாகியாகவும் இருந்தவர். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை இது: அந்தக் காலத்தில் டிக்கெட் என்பது கெட்டி அட்டை. வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே திரும்ப விற்பார்கள். மழையால் ஆட்டம் நின்றால் வெளியே போகிறவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஓர் அட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் வேலி ஏறிக் குதித்து வந்தவர்களும், ஓசியில் நுழைந்தவர்களும் சேர்ந்துகொண்டார்களாம். விற்றதைவிடத் திருப்பிக் கொடுத்தது அதிகமாகிவிட்டது. அதனால்தான் கிழித்துத் தரும் துண்டு என்ற யோசனை வந்தது, காசு கொடுத்தவன் கையில் மட்டும்தானே அது இருக்கும்.

கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் டிக்கெட் முறையிலிருந்த ஓட்டையை அடைத்தவர் என்ற பெருமையை அவருக்குக் கொடுத்தால் போதும். மழைக்கு மறு அனுமதி தரும் வழக்கம் பல ஊர் மைதானங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருந்தது, அதற்கு ஒரே ஒருவரைத் தந்தையாக்குவது கஷ்டம்.

இதில் ‘செக்’ என்பது வங்கிக் காசோலையா, சரிபார்ப்பதா?

இரண்டும் இல்லை. ஒரு பொருளுக்கோ உரிமைக்கோ அடையாளமாகக் கையில் தரும் சீட்டு, வில்லை, டோக்கன் இவற்றுக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் ‘செக்’ என்று பெயர் உண்டு. விடுதி வாசலில் மேல்கோட்டைக் கொடுத்துவிட்டு வாங்கும் எண் வில்லை ‘கோட் செக்’. ரயிலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வாங்கும் சீட்டு ‘பேகேஜ் செக்’. ரெயின் செக் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதனால் ‘மழை வருமா என்று பார்ப்பது’ என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும். வசன மொழிபெயர்ப்பில் ‘நான் மழையைச் சரிபார்க்கிறேன்’ என்று போட்டுவிட்டால், காதலி சாப்பிடக் கூப்பிட்டதற்கு நாயகன் ஏன் வானிலை அறிக்கை பார்க்கக் கிளம்புகிறான் என்று பார்ப்பவர் விழிப்பார்.

எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ் பாணியில் எழுதுகிறவர்கள் இதையும் வங்கிக் காசோலைபோல ‘கியூ, யூ’ போட்டு எழுதுவது உண்டு. சில இடங்களில் காணக் கிடைக்கும், ஆனால் அமெரிக்கத் தொடர் என்பதால் ‘சி, கே’ என்று முடிவதுதான் பரவலான வழக்கம். இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதுகிறார்கள், ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுதுகிறார்கள். பிரித்து எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

‘டேக்’ என்பதா, ‘கிவ்’ என்பதா? எனக்கு எப்போதும் குழப்பம்.

பலருக்கும் வருகிற குழப்பம்தான். மைதான வாசலை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். சீட்டைத் தருவது யார்? ஆட்டத்தை நடத்துகிறவர். வாங்கிக்கொள்வது யார்? பார்க்க வந்தவர். அதேபோல, அழைத்தவர்தான் சீட்டைத் தருகிறவர். அழைப்பைப் பெற்றவர்தான் அதை எடுத்துக்கொள்கிறவர்.

ஆகவே, உங்களை ஒருவர் அழைத்து உங்களால் போக முடியவில்லை என்றால், நீங்கள் சொல்ல வேண்டியது ‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’. கொஞ்சம் பணிவாகக் கேட்க வேண்டும் என்றால் ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ அல்லது ‘கேன் ஐ கெட் எ ரெயின் செக்?’ இதற்கு ‘எனக்கு இன்னொரு வாய்ப்புத் தருவீர்களா?’ என்ற தொனி இருக்கும்.

அழைத்தவரே தள்ளிப்போட வேண்டிய நிலை வந்தால்? வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது நீங்கள்தான் மைதானக்காரர். ‘கேன் ஐ கிவ் யூ எ ரெயின் செக்?’ என்பது முறைப்படி சரி. ஆனால் பேச்சில் இந்த வேறுபாட்டை எல்லோரும் பார்ப்பதில்லை. அழைத்தவரும் ‘டேக்’ என்று சொல்லிவிட்டுப் போகிற சந்தர்ப்பங்கள் ஏராளம், கேட்பவருக்கும் புரிந்துவிடும். புரியாமல் போவது வேறொரு தவறில்: அழைப்பை ஏற்க முடியாதவர் ‘ஐ வில் கிவ் யூ எ ரெயின் செக்’ என்றால், கூப்பிட்டது இவரா அவரா என்று எதிராளி ஒரு நொடி திகைப்பார்.

வாக்கியத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்ல ‘ஆன்’ சேர்க்க வேண்டும். ‘ரெயின் செக் ஆன் டின்னர்’, ‘ரெயின் செக் ஆன் தட் மூவி’ என்று வரும். அங்கே ‘ஃபார்’ போட்டால் கொஞ்சம் இடறும். அப்புறம், முன்னால் ‘எ’ வர வேண்டும். ‘டேக் ரெயின் செக்’ என்று மொட்டையாகச் சொன்னால் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். ‘கேன் வி ரெயின் செக்?’ என்று குறுஞ்செய்தியில் கேட்பதைப் பார்க்கலாம். நண்பர்களுக்குள் சரி. எழுத்தில் கொஞ்சம் சறுக்கலாகத் தெரியும்.

ஓர் உரையாடலை முழுதாகக் காட்ட முடியுமா?

சரி. ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இருவர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

– ‘வி ஆர் கோயிங் ஃபார் டின்னர். வான்ட் டு ஜாயின்?’

– ‘ஐ வுட் லவ் டு, பட் ஐம் எக்ஸாஸ்டட். கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’

– ‘ஷ்யூர். நெக்ஸ்ட் ஃப்ரைடே?’

– ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே இட் இஸ்.’

இரண்டாவது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முதலில் ஆசை: வர எனக்கு விருப்பம்தான். அடுத்தது காரணம்: அலுத்துப்போயிருக்கிறேன். கடைசியில்தான் ரெயின் செக். இந்த வரிசை கலைந்தால் தொனியும் கலையும். ஆசையையும் காரணத்தையும் விட்டுவிட்டு வெறுமனே ‘ரெயின் செக்’ என்று மட்டும் பதில் அனுப்பினால், கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். நெருங்கிய நண்பருக்குப் பரவாயில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு அப்படி அனுப்பவேண்டாம்.

மூன்றாவது வரியில் அழைத்தவர் அடுத்த நாளைத் தானே சொல்லிவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. உண்மையில் அந்த வேலை ரெயின் செக் கேட்டவருடையது.

அதெப்படி? கூப்பிட்டவர்தானே மறுபடியும் கூப்பிட வேண்டும்?

சீட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மழை நாளுக்குப் பிறகு மைதானக்காரர் வீடு வீடாக வந்து ‘நாளைக்கு ஆட்டம், வாருங்கள்’ என்று கூப்பிடமாட்டார். சீட்டை வைத்திருப்பவர்தான் நாள் பார்த்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு முறை அழைத்து இல்லை என்று கேட்டவருக்கு மறுபடி அழைக்கக் கூச்சம் இருக்கும், தொந்தரவு செய்கிறோமோ என்று தோன்றும். அதனால் ஒரு வாரத்துக்குள், மிஞ்சிப்போனால் பத்து நாளுக்குள், ‘அன்றைக்கு வர முடியவில்லை, இந்த சனிக்கிழமை எப்படி?’ என்று நீங்களே கேட்பதுதான் நாகரிகம்.

அதிலும் நல்ல பழக்கம், ரெயின் செக் கேட்கும்போதே மாற்று நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்? ஹவ் அபவுட் சண்டே?’ இப்படிக் கேட்டால் நீங்கள் நழுவுகிறீர்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், இது நாசூக்காக ‘மாட்டேன்’ என்று சொல்வதுதானே?

சில சமயம் அப்படித்தான். வர விருப்பமே இல்லாதவர்களும் முகத்தை முறிக்காமல் தப்பிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ‘பார்க்கலாம்’ போல. ‘வரீங்களா?’ என்று கேட்டதற்குப் ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், வரப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும், ஆனாலும் யாரும் அதை வெளியே சொல்லமாட்டார்கள்.

என் கட்சி என்னவென்றால், ரெயின் செக்கை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ‘பார்க்கலாம்’ என்பதில் எந்த உறுதியும் இல்லை, அதனால் மீறுவதற்கும் ஒன்றும் இல்லை. ரெயின் செக்கில் ஒரு கணக்கு இருக்கிறது. எதிராளி உங்களுக்கு ஒன்று பாக்கி வைக்கிறார், நீங்கள் அதை வசூலிக்க வருவேன் என்கிறீர்கள். வசூலிக்கவே வராத ஒருவர் மூன்றாவது முறையும் ரெயின் செக் கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விடும். விருப்பம் இல்லையென்றால் ‘தேங்க்ஸ், பட் ஐ வில் பாஸ்’ என்று சொல்லலாம். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, எதிராளியும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

கேட்கும் பக்கத்தில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்று நாள் வருகிறதா என்று பாருங்கள். காரணம் சொன்னாரா என்பதைவிட இது நம்பகமான அடையாளம். காரணம் சொல்ல யாராலும் முடியும். நாள் சொல்ல, வர நினைப்பவரால்தான் முடியும்.

இதைப் பற்றிப் பேசும்போது வருகிற துணைக் கேள்வி ஒன்று: டேட்டிங்கில் ஒருவரை வெளியே கூப்பிட்டு ‘ரெயின் செக்’ என்று பதில் வந்தால்? மேலே சொன்ன அதே அளவுகோல்தான். நாள் வந்தால் சம்மதம். நாள் வராமல் இருந்தால் ஒரே ஒரு முறை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் ரெயின் செக் என்றால் அது இல்லை என்றுதான் அர்த்தம், அதற்குமேல் கேட்பது நச்சரிப்பு.

நிகழ்ச்சிக்கு வந்துவிட்டுப் பாதியில் கிளம்பும்போது சொல்லலாமா?

பொருந்தாது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்த பிறகு சீட்டு செல்லாது என்று பார்த்தோமல்லவா? அதே தர்க்கம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பாதி சாப்பிட்டாயிற்று, அவசர போன் வந்து எழுந்திருக்கிறீர்கள். அப்போது ‘ஐ ஹேவ் டு ரன், சாரி’ என்றால் போதும். ஆனால் ‘ரெயின் செக் ஆன் டெஸர்ட்?’ என்று கேட்டால் அது குறும்பான, நல்ல பிரயோகம். கடைசி இனிப்பு இன்னும் வரவில்லையே, அதைப் பாக்கி வைக்கிறீர்கள்.

எங்கே சொல்லக் கூடாது?

இது லேசான சொல். கனமான இடத்தில் வைத்தால் அடிக்கும். துக்க வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால் ரெயின் செக் என்று சொல்லவே கூடாது. திருமண அழைப்புக்கும் அப்படித்தான். திருமணம் இன்னொரு நாள் நடக்கப்போவதில்லை. திரும்ப வராத எதற்கும் ரெயின் செக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் மறுபடி நடந்தால்தானே சீட்டுக்கு வேலை.

நீதிமன்றத் தேதி, மருத்துவரிடம் வாங்கிய நேரம், வேலைக்கான நேர்காணல், கடன் தவணை இவற்றுக்கும் ஆகாது. அங்கே ‘ரீஷெட்யூல்’ அல்லது ‘போஸ்ட்போன்’ என்ற சொற்கள் இருக்கின்றன. நேர்காணலைத் தள்ளிவைக்கக் கேட்கும் கடிதத்தில் ‘ரெயின் செக்’ என்று எழுதினால், வேலையைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லாதவர் என்ற எண்ணம் வந்துவிடும்.

அலுவலக மெயிலில்?

சக ஊழியர் மதிய உணவுக்கு அழைத்திருந்தால் தாராளமாக எழுதலாம். மேலதிகாரி அழைத்த ஒரு சாதாரண சந்திப்பு என்றால், அவர் எப்படி எழுதுகிற ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு எழுதும்போது தவிர்த்துவிடலாம். அவர் அமெரிக்கராக இல்லாவிட்டால் புரியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. புரியாத ஒருவர் ‘செக்’ என்பதைப் பார்த்துப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவைத்தால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

பிரிட்டனிலும் மற்ற ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இது புழங்குகிறதா?

புழங்குகிறது, ஆனால் அமெரிக்க வாடையோடு. பேஸ்பால் இல்லாத ஊர்களுக்கு இது தொலைக்காட்சித் தொடர்கள் வழியாகவும் படங்கள் வழியாகவும்தான் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. அதனால் தொடர் தெரியும், சீட்டின் கதை தெரியாது என்ற நிலை. கதை தெரியாததால் அர்த்தமும் அங்கங்கே வழுக்குகிறது. ‘ரியாலிட்டி செக்’ என்ற தொடரோடு சேர்த்துக் குழப்பி, ‘நிலைமையைக் கொஞ்சம் நிதானமாகப் பரிசீலிப்பது’ என்ற பொருளில் ரெயின் செக் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ‘நாளைக்குச் சொல்கிறேன், யோசிக்க அவகாசம் வேண்டும்’ என்ற பொருளும் இதற்குக் கிடையாது. ‘ரெயின் செக்’ கேட்டவர் யோசித்து முடித்துவிட்டார். இன்று இல்லை என்பது முடிவு.

மழையால் நிஜமாகவே ஒரு நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன சொல்வது?

அதற்கு ‘ரெயின்டு அவுட்’ அல்லது ‘வாஷ்ட் அவுட்’. மழை விட்டதும் தொடர்வார்கள் என்று காத்திருக்கும் நேரம் ‘ரெயின் டிலே’. கோல்ஃப் மைதானங்களிலும் ரெயின் செக் தருவது உண்டு. பாதி ஆட்டத்தில் மழை வந்தால் மீதிக் குழிகளை இன்னொரு நாள் ஆடிக்கொள்ளலாம்.

கூரை போட்ட மைதானம் வந்த பிறகு மழைக்கு வேலை இல்லை என்று நினைத்தார்கள். ஹூஸ்டனில் 1965-ல் திறந்த ஆஸ்ட்ரோடோம், முழுக்க மூடிய பிரம்மாண்ட அரங்கம். 1976 ஜூன் 15 அன்று அங்கே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியுடன் நடக்க இருந்த ஆட்டம் மழையால் தள்ளிப்போனது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ஆட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் வெளியே தெருவெல்லாம் வெள்ளம், நடுவர்களாலும் ரசிகர்களாலும் வந்து சேர முடியவில்லை. ‘ரெயின்டு அவுட்’ என்பதைத் திருப்பிப் போட்டு ‘ரெயின்டு இன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அமெரிக்கக் கடைகளில் ‘ரெயின் செக்’ என்று ஒரு சீட்டு தருவார்களாமே?

ஆமாம், அதுவும் இதே வேரிலிருந்துதான். தள்ளுபடி விலை என்று விளம்பரம் செய்த பொருள் நீங்கள் போகும்போது தீர்ந்துபோயிருந்தால், சரக்கு வந்ததும் அதே தள்ளுபடி விலைக்குத் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆட்டத்துக்குப் பதில் விலை பாக்கி.

இதற்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. விளம்பரம் செய்த பொருளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று உணவுப்பொருள் கடைகளுக்கு அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1971-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஆசைகாட்டி ஆளை வரவழைத்துவிட்டு ‘தீர்ந்துவிட்டது, இதை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று விலை கூடியதைத் தள்ளிவிடும் வேலையைத் தடுப்பதற்காக. 1989-ல் அதைத் திருத்தியபோது, சரக்கு இல்லாத கடை ரெயின் செக் கொடுத்தால் விதியை மீறியதாகாது என்று சேர்த்தார்கள். கடையில் இந்தச் சீட்டைக் கேட்பவர் ‘கேன் ஐ ஹேவ் எ ரெயின் செக் ஃபார் திஸ்?’ என்று கேட்பார். இங்கே ‘ஃபார்’ வருவதைக் கவனியுங்கள். கையில் வாங்கும் நிஜச் சீட்டுக்கும் பேச்சில் வரும் தொடருக்கும் இந்தச் சின்ன வித்தியாசம் இருக்கிறது.

இதே பொருளில் ஆங்கிலத்தில் வேறு எப்படிச் சொல்லலாம்?

‘மேபி அனதர் டைம்’ பொதுவானது, ஆனால் அதில் ‘மேபி’ இருப்பதால் உறுதி குறைவு. ‘சம் அதர் டைம்’ சொல்லும் குரலைப் பொறுத்தது, வறட்டுத்தனமாகச் சொன்னால் வெட்டிவிடுவதுபோல இருக்கும். ‘லெட்ஸ் டூ இட் நெக்ஸ்ட் வீக்’ எல்லாவற்றையும்விட நேரானது, யாருக்கும் புரியும். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. ரெயின் செக் முதல் வகையைச் சேர்ந்தது, இரண்டாவது வகையை அல்ல.

தமிழில் பொருத்தமாக எப்படிச் சொல்வது?

பேச்சில் ‘இன்னொரு நாள் வெச்சுக்கலாமே’ என்பது கச்சிதம். அழைத்தவர் பெரியவராக இருந்தால் ‘இன்னைக்கு மன்னிச்சுக்கோங்க, கண்டிப்பா ஒரு நாள் வரேன்’ என்று வரும். நண்பர்களுக்குள் ‘பாக்கி வெச்சுக்கோடா, அடுத்த வாரம் வந்து வசூல் பண்ணிக்கிறேன்’ என்றால் மூலத்திலுள்ள கணக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. வசன மொழிபெயர்ப்பாளர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கடைச் சீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘ரெயின் செக்’ என்றே வைத்துக்கொண்டு ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

பேஸ்பாலிலிருந்து வந்த வேறு தொடர்கள் உண்டா?

நிறைய. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் உத்தேசக் கணக்கு. ‘டச் பேஸ்’ என்றால் சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது. ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’ என்றால் எதிர்பாராத திசையிலிருந்து வந்த ஒன்று. ‘த்ரோ எ கர்வ்பால்’ என்றால் எதிராளி எதிர்பார்க்காத சிக்கலை வீசுவது. ‘ஸ்டெப் அப் டு தி பிளேட்’ என்றால் பொறுப்பை ஏற்று முன்வருவது. அலுவலகக் கூட்டங்களில் இவற்றைக் கேட்காமல் தப்பிக்கவே முடியாது. கிரிக்கெட் பக்கத்திலிருந்து ‘ஸ்டிக்கி விக்கெட்’, ‘போல்டு ஓவர்’ ஆகியவை வந்திருக்கின்றன. அவை பிரிட்டிஷ் சொத்து.

மழையை வைத்து வரும் மற்ற தொடர்களோடு குழப்பிக்கொள்கிறேன்.

‘ரெயின் ஆன் மை பரேட்’ என்றால் என் சந்தோஷத்தைக் கெடுப்பது. ‘சேவ் ஃபார் எ ரெய்னி டே’ என்றால் கஷ்ட காலத்துக்குச் சேர்த்து வைப்பது. ‘கம் ரெயின் ஆர் ஷைன்’ என்றால் எது நடந்தாலும் சரி, கட்டாயம் என்று அர்த்தம். ரெயின் செக்குக்கு நேர் எதிர். ‘ரைட் ஆஸ் ரெயின்’ என்றால் எல்லாம் நலம், இது பெரும்பாலும் பழைய ஆட்கள் பேச்சில்தான் வருகிறது. ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பள்ளிப் புத்தகத்தில் வாழ்கிற அளவுக்கு நிஜப் பேச்சில் வாழவில்லை.

ஒருவர் ரெயின் செக் கேட்டுவிட்டு மறந்தே போய்விட்டார். நினைவூட்டலாமா?

நெருக்கமானவர் என்றால் விளையாட்டாக நினைவூட்டலாம். அதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘யூ ஸ்டில் ஹேவ் தட் ரெயின் செக்.’ சீட்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று பொருள். கோபமில்லாமல், குற்றம் சாட்டாமல், பந்தை அவர் பக்கம் தள்ளிவிடும் வாக்கியம். இன்னும் கொஞ்சம் உரிமையோடு என்றால் ‘ஐ வான்ட் டு கேஷ் இன் தட் ரெயின் செக்’ என்று சொல்வார்கள். ஆனால் இது சீட்டை வைத்திருப்பவர், அதாவது அன்றைக்கு வர முடியாமல் போனவர், இப்போது வரத் தயாரானதும் சொல்வது. அழைத்தவர் சொன்னால் பொருந்தாது.

அதிகம் பழக்கம் இல்லாதவர் என்றால் அந்தச் சொல்லையே எடுக்காமல் புதிதாக ஒரு முறை அழைத்துப் பாருங்கள். அன்றைக்கு வராதது அவருக்கே நினைவிருந்தால் அவரே அதைப் பற்றிப் பேசுவார். நினைவில்லாவிட்டால் அது புது அழைப்பாகவே இருக்கட்டும்.